வாரியம் உறைய வைத்த கடல்

அந்த ஆண்டு கடல் எந்தத் தேதியில் உறைய வேண்டும் என்பதை வாரியம் அக்டோபர் மாதமே முடிவு செய்துவிட்டது. பிப்ரவரி இருபது, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. விளம்பரத் தாள்கள் அச்சாகிவிட்டன. குளிர்கால விடுமுறைக்கு நாய்வண்டி ஏற ஆசைப்பட்ட ஐரோப்பியர்கள் விமானச் சீட்டு வாங்கிவிட்டார்கள். வடதுருவக் கரையில் இருக்கும் கங்கார்மியு ஊரின் அறுபத்திரண்டு வீடுகளுக்கும் கடிதம் வந்துவிட்டது. கடலுக்கு மட்டும் யாரும் கடிதம் போடவில்லை.

பனிப்பருவ மகிழ்ச்சி அனுபவ ஒருங்கிணைப்பு வாரியம் என்பது அதன் முழுப்பெயர். ஊரில் ‘மகிழ்ச்சி ஆபீஸ்’ என்றால்தான் தெரியும். பழைய மீன்கிடங்குக்குச் சாயம் அடித்து அதில் குடியேறி மூன்று வருடமாகிறது. அதற்கு முன்பெல்லாம் விடுமுறைக்கு வந்தவர்கள் நேரே நாய் வைத்திருப்பவன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அவன் வெளியே வந்து காற்றைப் பார்ப்பான். கடலில் இறங்கிக் கடப்பாரையால் பனியைக் குத்திப் பார்ப்பான். பிறகு, போகலாம் என்பான், அல்லது உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்பான். இதில் எந்த ஒழுங்கும் இல்லை என்பதை வாரியம் வந்த முதல் வாரமே கண்டுபிடித்தது.

தூமாசிக்கு நாற்பத்தெட்டு வயது. பனியில் துளை போட்டு மீன் பிடிப்பது தொழில். குளிர்காலத்தில் விருந்தாளிகளை விரிகுடாவின் அக்கரைக்கு நாய்வண்டியில் கூட்டிப்போய் வருவதில் பாதி வயிறு நிறையும். பதினாலு நாய்கள் வைத்திருந்தான். முப்பது வருடமாக ஓட்டுகிறவன், ஓட்டுவதற்கு உரிமம் வேண்டும் என்றதும் பள்ளிக்கூட விளையாட்டறையில் சின்ன நாற்காலியில் முட்டியை மடித்து உட்கார்ந்து பத்து நாள் பாடம் கேட்டான்.

பாடம் எடுத்தவர் ஆய்வாளர் ஆபோல்லு. முப்பது வயது இருக்கும். வண்டிநாய் வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தராத தலைநகரத்தில் நாய்வண்டித் துறையில் பட்டயம் வாங்கியவர்.

“நாய் எதுக்காக வண்டி இழுக்குது?” என்று முதல் நாள் கேட்டார்.

“தீனிக்கு சார்,” என்றான் தூமாசி.

“தப்பு. விருந்தினரோட மகிழ்ச்சிக்கு. எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் புன்னகை. மூன்றாம் நாளும் புன்னகை, ஏனென்றால் இரண்டாம் நாள் ஒருவனும் தேறவில்லை. நாலாம் நாள் நாய்களின் பெயர்களைச் சரிபார்த்தார்கள். தூமாசியின் தலைநாய் ஒரு பெட்டை. குட்டியாக இருந்தபோதே தன்னைவிடப் பெரிய கடுவன் ஒன்றின் காதைக் கடித்து எடுத்தவள் என்பதால் அவளுக்குக் காதறுத்தி என்று பெயர். விருந்தினர் மனம் புண்படும் என்று ஆபோல்லு அதை அடித்துவிட்டு ‘வெண்பூ’ என்று எழுதினார். நாய் கறுப்பு. அதை அவர் பார்த்ததில்லை. நாய்கள் கட்டியிருக்கும் திடலில், மாலையில் ஊளையிடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி ஓர் அறிவிப்பும் வைத்தார்கள். நாய்கள் அதைத் தின்றுவிட்டன.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிகள். ஊரும் சிரித்தது. சிரிப்பு நின்றது ஜனவரியில்.

டிசம்பர் முழுக்க உள்நாட்டுப் பனிமலையிலிருந்து, சரிவில் இறங்க இறங்கச் சூடேறி, வெதுவெதுப்பான காற்று வீசியது. ஜனவரியில் கடல் உறைந்தது, உடைந்தது, மறுபடி ஆடை கட்டியது. பிப்ரவரி பிறந்தபோது விரிகுடா முழுக்கப் பனி மூடியிருந்தது என்னவோ உண்மை. ஆனால் அது வெள்ளையாக இல்லை. அடியில் இருக்கும் தண்ணீரின் நிறத்தில், ஈயம்போல் இருந்தது. பெரியவர்கள் ஜன்னலோரம் நின்று அதைப் பார்ப்பார்கள். பிறகு திரையை இழுத்து விடுவார்கள்.

பிப்ரவரி ஆறாம் தேதி, பாதை பார்த்து வரும்படி வாரியம் எலியார்சியை அனுப்பியது. தூமாசிக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், அறுபதை நெருங்குகிறவர். பன்னிரண்டு நாய்களோடு போனார். சாயங்காலம் கரைக்கு நடந்து வந்தார். உடம்பில் துணியெல்லாம் பலகை மாதிரி விறைத்திருந்தது. கையில் ஒரு கத்தி மட்டும் இருந்தது. விரலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க மருத்துவத் தாதிக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. நாய்கள் வரவில்லை; வண்டியும் வரவில்லை.

வாரியத்தின் அறிக்கை மறுநாள் கடை வாசலில் ஒட்டப்பட்டது: ‘பாதை ஆய்வு எதிர்பார்த்ததைவிட முன்னதாக நிறைவுற்றது. பன்னிரண்டு நாய்கள் பணியிலிருந்து விலகிக்கொண்டன.’

தூமாசி அதை இரண்டு முறை படித்தான். பிறகு வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினான். நல்ல பனியென்றால் இரண்டு கை வலிக்கக் குத்தினாலும் தண்ணீர் வராது. முந்நூறு அடி போனபோது மூன்றாம் குத்தில் வந்தது. இன்னும் கொஞ்சம் போனபோது முதல் குத்திலேயே கடப்பாரை உள்ளே இறங்கி, கை மணிக்கட்டுவரை நனைந்தது. அவன் வந்த வழியே தன் காலடியிலேயே கால் வைத்துத் திரும்பினான்.

நேரே மகிழ்ச்சி ஆபீசுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். ஆபோல்லு கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். ‘பனியின் நிலை’ என்பதற்கு எதிரே மூன்று கட்டங்கள் இருந்தன. அழகு. மிக அழகு. மறக்க முடியாதது.

“மெலிசுன்னு எங்க எழுதறது சார்?”

ஆபோல்லு தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “மறக்க முடியாததுல போடுங்க. அதுதான் கொஞ்சம் கிட்டக்க வருது.”

“அப்ப நான் மேடத்தையே பாக்கறேன்.”

தலைமை இயக்குநர் பிர்கிட்டே அம்மையார் கோபன்ஹேகனிலிருந்து வந்தவர். கோபமே வராது. யாரிடமும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். அவர் மேசைமேல் கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாக நின்றன.

“தூமாசி, இந்த வாரியம் போன வருஷம் ஏழு விருது வாங்கிச்சு. அதுல ரெண்டு பாதுகாப்புக்கு. பாதுகாப்புக்கு ரெண்டு விருது வாங்கின கடல்ல எப்படி ஆபத்து வரும், நீங்களே சொல்லுங்க?”

“எலியார்சி அண்ணன் விழுந்தாரே மேடம்.”

“ஆறாம் தேதி விழுந்தார். கடலை நாம திறக்கறது இருபதாம் தேதி. திறக்காத கடல்ல நடந்ததுக்கு வாரியம் எப்படிப் பொறுப்பாகும்? இருபதுக்கு அப்புறம் யாராவது விழுந்தா வாங்க. அன்னிக்கே ஒரு குழு போட்டுடறேன்.”

“நீங்கதானே மேடம் அவரைப் பாதை பார்க்க அனுப்பினீங்க?”

“ஆமா. பார்த்துட்டார் இல்லையா?” என்றார் அம்மையார், பரிவோடு.

தூமாசி எழுந்தான். “நான் வண்டி கட்டலை மேடம். என் உரிமத்தை நீங்களே வச்சுக்கங்க.”

“அது உங்க இஷ்டம்,” என்று அவர் ஏதோ ஒரு தாளைத் தேடி எடுத்தார். “ஆனா உரிமம் இல்லாதவர் வச்சிருக்கற நாய், நோக்கமில்லாத நாய். நோக்கமில்லாத நாய் ஊருக்குள்ள இருக்க விதியில இடமில்லை. நாய் சுடறவர் திறப்பு முடிஞ்ச மறு திங்கக்கிழமை வர்றார். உங்களுக்காக இல்ல, பயப்படாதீங்க. வேற வேலையா வர்றார். ஆனா வந்தா எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் போவார். ரொம்பக் கடமை உணர்ச்சி உள்ளவர்.”

அன்று மாலை நாய்களுக்கு மீன்தலைகளை வீசிக்கொண்டிருந்தபோது தூமாசியின் மனைவி அமாலியா பின்னால் வந்து நின்றாள். ஊர்க்கடையில் வேலை பார்ப்பவள். அறிக்கையை ஒட்டப் பசை கொடுத்தவளே அவள்தான்.

“போகாதய்யா,” என்றாள்.

“போகலைன்னா இந்தப் பதினாலும் போச்சு.”

“போனா?”

தூமாசி மீன்வாளியைக் கவிழ்த்துத் தட்டினான். காலியான வாளியை அவன் தேவைக்கு மேல் நேரம் தட்டிக்கொண்டிருந்தான்.

பத்தொன்பதாம் தேதி எலியார்சி வந்தார். அந்த இரண்டு வாரத்தில் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

“பன்னெண்டு நாயோட வாரும் வண்டி முன்னால ஒரே வளையத்துல வந்து சேருதில்ல,” என்றார். “அந்த வளையத்தைக் கழட்டிவிட்டிருக்கணும்டா. எனக்குத் தோணலை. ஒவ்வொரு வாரா அறுத்தேன். மூணாவதுக்கே கை வரலை. அதுங்க என்னையே பார்த்துச்சு. நான் ஏதோ செய்வேன்னு.”

“விடுங்கண்ணே.”

“வளையத்தைக் கழட்டு. வேற ஒண்ணும் செய்யாதே,” என்று சொல்லிவிட்டு, கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இருபதாம் தேதி காலை பதினொரு மணிக்குக் கடல் திறந்து வைக்கப்பட்டது. கரையை ஒட்டிய பனிமேல் மரத்தில் ஒரு மேடை. அதன்மேல் தோரணவாயில், ஒலிபெருக்கி. விடுமுறைக்கு வந்த பன்னிரண்டு பேர் வாரியம் கொடுத்த சிவப்பு உடுப்பில் நின்றார்கள். ஊர் மொத்தமும் வந்திருந்தது. ஆனால் ஒருவரும் பாறையைவிட்டுக் கீழே இறங்கவில்லை. அம்மையார் ஒலிபெருக்கியில், “இந்த மக்களோட கூச்ச சுபாவம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது,” என்றார்.

ஐந்து வண்டிகள். முன்வண்டி தூமாசியுடையது. அதில் அம்மையாரும், படம் எடுக்கும் ஒருவரும், ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் ஏறினார்கள். இரண்டாம் வண்டியில் ஆபோல்லு. தூமாசி மற்ற வண்டிக்காரர்களிடம் குனிந்து வாரைச் சரிபார்ப்பதுபோல் ஒன்றே ஒன்று சொன்னான்: “நூறு அடி விட்டு வாங்க. நான் நின்னா நில்லுங்க.”

“வெண்பூ, கிளம்பு!” என்று விதிப்படி கத்தினான். நாய் யாரையோ கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தது. “காதறுத்தி!” என்று மெதுவாகச் சொன்னான். பதினாலு வாரும் விசிறியாக விரிந்து இழுபட, வண்டி நகர்ந்தது.

முதலில் பனி பேசியது. நல்ல பனியும் பேசும், அது வேறு பேச்சு. இது தொண்டைக்குள் முனகுவது. பிறகு அந்த முனகலும் நின்றுபோயிற்று. வண்டிச் சட்டம் உரசும் சத்தமும் இல்லை. பனி ரப்பர்போல் வளைந்து கொடுத்துக்கொண்டிருந்தது. நாய்களுக்கு முன்னால் சின்னதாக ஓர் அலை, உடையாத பனியிலேயே, நகர்ந்து போயிற்று. காதறுத்தி நின்றாள். நாலு காலையும் பரப்பி வயிறு படியப் படுத்தாள். மற்ற பதிமூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி அப்படியே படுத்தன.

அம்மையார் வண்டிமேல் எழுந்து நின்று படக்கருவியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். “ஏன் நின்னுட்டோம்? நிகழ்ச்சிநிரல்ல இங்க நிறுத்தம் இல்லையே?”

வண்டிச் சட்டத்தைச் சுற்றிக் கறுப்பாக ஈரம் ஊறி ஏறுவதைத் தூமாசி பார்த்தான். பனி உடையப்போகிறது என்று சொன்னால் மூன்று பேரும் குதித்து ஓடுவார்கள். ஓடினால் ஐந்தாவது அடியில் முடிந்துவிடும். ஓடாதீர்கள் என்று கெஞ்சினால், அதற்கு அதிகாரம் உண்டா என்று கேட்பார்கள். பாடத்தில் இரண்டு நாள் பழகியும் வராத புன்னகை அவனுக்கு அப்போது தானாக வந்தது.

“மேடம், இது நிரல்ல இல்லாதது. விசேஷ விருந்தினருக்கு மட்டும் காட்டறது.”

“என்னது?”

“கடல்நாய்த் தவழல். சீல்னு சொல்றீங்களே, அந்தக் கடல்நாயை வேட்டையாட எங்க முன்னோருங்க இப்படித்தான் போவாங்க. வயித்தால தவழ்ந்து. கையையும் காலையும் அகட்டிவச்சுக்கிட்டு. இதுவரைக்கும் வெளியாளுக்குக் காட்டினதே கிடையாது.”

அம்மையாரின் கண் விரிந்தது. “ரொம்பப் பழமையானதா?”

“ரொம்ப.”

“ஆதாரம் இருக்கா?”

“இல்லைங்க. அவ்வளவு பழசு.”

அவர் உடனே படுத்தார். ஆசிரியர் படுத்தார். படக்காரர் கருவியைப் பல்லில் கவ்விக்கொண்டு படுத்தார். தூமாசி வளையத்தைக் கழற்றினான். நாய்கள் தனித்தனியாக, வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கரைப்பக்கம் நகர்ந்தன. வண்டியில் நீளக் கயிறு ஒன்றைக் கட்டி, மறுநுனியைப் பிடித்துக்கொண்டு அவனும் படுத்தான். “பேசக்கூடாது. பேசினா கடல்நாய் ஓடிடும். ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் வராதீங்க, தள்ளித் தள்ளி,” என்றான். பின்வண்டிக்காரர்கள் இதைப் பார்த்ததும் புரிந்துகொண்டு தங்கள் விருந்தாளிகளையும் படுக்க வைத்தார்கள்.

ஆபோல்லுவின் முகம் தூமாசிக்குப் பக்கவாட்டில் வந்தது. உதடு வெளுத்திருந்தது.

“அண்ணே,” என்றார். சார் என்று அழைக்கப்படுகிறவர் அண்ணே என்றார். “அடியில தண்ணி ஓடறது கேக்குது.”

“காதைத் தூக்கிட்டுத் தவழுங்க சார்.”

“நாம போய்ச் சேருவோமா?”

“புன்னகை, சார்.”

மேடையை விட்டு வெகுதூரம் ஒதுங்கிச் சுற்றிக் கரை சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஊர்க்காரர்கள் பாறையில் படுத்துக் கை நீட்டி ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். அமாலியா தூமாசியின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தவள், இழுத்த பிறகும் விடவில்லை. கயிற்றின் நுனியில் பூட்டிவிட்டதும் நாய்கள் வண்டியை இழுத்துக் கரையேற்றின. கடைசி ஆள் ஏறியதும் மேடை ஒரு பக்கம் சாய்ந்தது. தோரணவாயிலோடு அவசரமில்லாமல் இறங்கியது. ஒலிபெருக்கி தண்ணீருக்குள் போன பிறகும் கொஞ்ச நேரம் வரவேற்றுக்கொண்டிருந்தது.

விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஹாம்பர்க் ஆசிரியர் பாறைமேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். தன் எழுபது வருட வாழ்க்கையில் இப்படி ஓர் அனுபவம் கிடைத்ததில்லை என்றார்.

திங்கட்கிழமை சுடுகிறவர் வந்தார். தூமாசியின் நாய்களுக்கு நோக்கம் இருந்ததால் கடந்து போனார். எலியார்சிக்கு நாயே இல்லாததால் அங்கேயும் வேலையில்லை. அவர் போன கையோடு வாரியத்தின் கடிதம் வந்தது. கடல்நாய்த் தவழல் இனி தினமும் இரண்டு வேளை, காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும். வேளைக்கு முப்பது பேர். தலைமைத் தவழுநராகத் தூமாசி நியமிக்கப்படுகிறான்.

அவன் கடிதத்தோடு ஓடினான். “மேடம், நான் பொய் சொன்னேன். அப்படி ஒரு அனுபவமே கிடையாது. அன்னிக்கு நாம சாகப் போனோம்.”

“தெரியும்,” என்றார் பிர்கிட்டே அம்மையார்.

தூமாசி கடிதத்தை மேசைமேல் வைத்தான்.

“உட்காருங்க. எனக்கு முட்டிவரைக்கும் ஈரம் ஏறிச்சு, தூமாசி. நான் முட்டாள் இல்ல. அவங்க ஏன் அழுதாங்கன்னு நினைக்கறீங்க? நாய்க்காகவா? வண்டிக்காகவா? இருபது வருஷமா மனுஷங்களுக்கு மகிழ்ச்சி குடுக்கப் பாடுபடறேன், இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்ல. இதைக் கெட்டிப் பனியில குடுக்க முடியுமா, சொல்லுங்க?”

“யாராவது போயிட்டா?”

“அதுக்கு ஒரு படிவம் தயாராகிட்டிருக்கு.”

வெளியே வந்தபோது நடுப்பகல். அவன் வீட்டுக்குப் போகவில்லை. நாய்த்திடலில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரையோரப் பாறையில் நின்று பனியைக் குத்த ஆரம்பித்தான். என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் அமாலியா கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எலியார்சி. அதற்குப் பிறகு எல்லா வீட்டிலிருந்தும் கடப்பாரைகள் வந்தன. கரை நெடுக வெட்டி விட்டதும், டிசம்பரில் வீசிய அந்த வெதுவெதுப்புக் காற்று இரவில் திரும்பி வந்து மிச்ச வேலையைச் செய்தது. மறுநாள் காலை விரிகுடா முழுக்கக் கறுப்புத் தண்ணீர். தவழலுக்கென்று விமானத்தில் வந்திறங்கி, பத்து மணிக்குச் சிவப்பு உடுப்போடு வந்த முப்பது பேரும் கரையில் நின்று பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள்.

ஆபோல்லு மட்டும் நின்றார். தூமாசியின் பக்கத்தில் வந்து, ஆபீஸ் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“தவழலை நுவாசாருக்கு மாத்திட்டாங்க,” என்றார். “வியாழக்கிழமை காலை ஆரம்பம். ஆளுங்களை இன்னிக்கே பறக்க வைக்கறாங்க.”

நுவாசார் மலைக்கு அந்தப் பக்கம், அகன்ற கடலைப் பார்த்த ஊர். அங்கே பனி எப்போதும் இங்கே இருப்பதைவிட மெலிசு.

“அந்த ஊர்க்காரங்களுக்குச் சொன்னீங்களா?”

“உங்ககிட்ட சொல்றேன்.”

“நீங்க சொன்னதா சொல்லலாமா?”

ஆபோல்லு குனிந்து காலணியின் வாரை இறுக்கிக்கொண்டார். “வேணாம்ணே,” என்றார்.

மலைக்கணவாய் வழியாக நுவாசாருக்கு ஒன்றரை நாள். தரைப்பனி கெட்டியாகத்தான் இருந்தது. தூமாசி வண்டி கட்டினான். அமாலியா உலர்மீன் மூட்டையை வைத்துக் கட்டிவிட்டு, எத்தனை நாள் என்று கேட்காமல் நின்றாள். அவன் சாட்டையை எடுத்தபோது எலியார்சி இரண்டு கடப்பாரைகளோடு வந்து, கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

கணவாயின் பாதி ஏற்றத்தில் நாய்கள் மூச்சு வாங்க நின்றன. தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது. சிவப்பு ஹெலிகாப்டர் ஒன்று மலையைத் தாண்டி நுவாசார் பக்கமாகப் போயிற்று. அதன் அடியில் வலையில் கட்டித் தொங்கியது ஒரு புது மேடை. காற்றில் அது மெல்லச் சுற்றிக்கொண்டே போனது. இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

எலியார்சி அது மறையும்வரை அண்ணாந்து பார்த்தார்.

“என்னடா பார்த்துக்கிட்டு நிக்கறே,” என்றார். “ஓட்டு.”